நாலு செகண்டில் வரும் பதில்

ஜூன் 3, செவ்வாய்

ரிப்பேருக்காக லிஃப்ட் குழிக்குள் இறங்கிவிட்டால் இரண்டு கையும் கிரீஸ். போனை எடுக்க முடியாது. பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் இருக்கும் மகளோ மெசேஜில் விடாமல் கேட்கிறாள்: "அப்பா, நல்லா இருக்கியா?" பதினோரு வயசு. அம்மா போய் ஏழு மாதம். பயம் இருக்காதா?

நேற்று ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். அவள் கேட்டதும் "நல்லா இருக்கேன்டா" என்று தானாகப் போகும். உடனே போனால் கண்டுபிடித்துவிடுவாள் என்று நாலு செகண்ட் தாமதம் வைத்தேன்.

நன்றாக வேலை செய்கிறது.

ஜூன் 5, வியாழன்

வேலை. வீடு. சாப்பிட்டேன் என்று நினைக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

பகலில் அவளைப் பார்த்துக்கொள்ளும் மச்சினி என்னைப் பிடித்து நிறுத்தினாள். "ஒரு வாய் சோறு, ஒரு மெசேஜ். இது பயம் இல்ல மாமா, வேற என்னமோ."

செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் ஓசிடி நோய் வந்த பிள்ளைகளுக்கு வீடியோவிலேயே சிகிச்சை தரும் டாக்டர் ஒருவர் கிடைத்தார். ஓசிடி என்றால் கை கழுவிக்கொண்டே இருப்பது என்றல்லவா நினைத்திருந்தேன்?

ஜூன் 19, வியாழன்

இன்று வீடியோவில் டாக்டர்.

ஒரு நாளில் எத்தனை முறை கேட்கிறாள் என்று எண்ணி வரச் சொல்லியிருந்தார் டாக்டர். 214.

"இத்தனைக்கும் எப்படிங்க பதில் போட்டீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்த மகள் சொன்னாள்: "அது அப்பா இல்ல டாக்டர். மெஷின். எப்பவும் கரெக்டா நாலு செகண்ட்."

முதல் நாளே தெரியுமாம்.

"தெரிஞ்சும் ஏன்டி கேட்ட?"

"கேக்கலன்னா நீ செத்துருவல்ல."

வெளியே வெயில் அடிக்குது என்பது மாதிரி சொன்னாள். "அம்மாவுக்கு டெய்லி நாலு மணிக்கு போன் பண்ணுவேன். அன்னைக்கு மட்டும் விளையாடப் போயிட்டேன்."

அய்யோ. ஏழு மாசமா ஒரே வீட்டுல... எனக்குத் தெரியலையே. மூளையில ரத்தக்குழாய் வெடிச்சது மதியம் ரெண்டு மணிக்குன்னு ரிப்போர்ட்டுல இருக்கு. நான்தான் படிச்சேன். இவளுக்கு யாருமே சொல்லல. அங்கேயே சொன்னேன்.

"ஒரு தடவ சொன்னா போதும். திரும்பக் கேட்டா சொல்லாதீங்க" என்றார் டாக்டர். "ஒவ்வொரு பதிலும் இந்த நோய்க்குத் தீனி."

அப்போ தீனி போட மெஷினே செஞ்சு வச்சவன் நான்.

ஜூன் 20, வெள்ளி

புரோகிராமை அழித்தேன்.

ஜூன் 26, வியாழன்

முதல் பயிற்சி. டாக்டர் திரையில். மகளின் போன் அடுத்த அறையில். பத்து நிமிடம் கேட்கக் கூடாது. பயத்துக்கு மார்க் மட்டும் போட வேண்டும். பத்துக்குப் பத்தில் ஆரம்பித்தாள்.

மூன்றாவது நிமிடம் என் சட்டையைப் பிடித்தாள். "நீ செத்துருவியா? சொல்லு!"

டாக்டர் சொல்லிக்கொடுத்த பதில் ஒன்றுதான்.

"தெரியாதுடா."

"நீயெல்லாம் ஒரு அப்பாவா?" என்று அலறினாள். டாக்டர் அசையவில்லை. "பயம் இருக்கட்டும். கூடவே உக்காருங்க." உட்கார்ந்தேன். கடைசியில் ஏழு மார்க். நான் குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

என் கைக்குழந்தையைத் தண்ணீரில் தள்ளின மாதிரி இருந்தது. இதுவா வைத்தியம்?

ஜூலை 10, வியாழன்

இன்று 31 தடவைதான் கேட்டாள்.

ஜூலை 17, வியாழன்

மறுபடி 90. "ஏறும், இறங்கும்" என்கிறார் டாக்டர். லிஃப்ட்காரனிடமே சொல்கிறார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

மறுபடி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து இரண்டாவது வாரம். சாக்ஸ் காயவில்லை.

"ஒரு சாக்ஸ காயப்போடத் துப்பில்ல உனக்கு!"

நல்லா இருக்கியா என்று கேட்கவில்லை. போய்ட்டு வரேன்கூட இல்லை. திரும்பியும் பார்க்கவில்லை. வீடே அதிரக் கதவை அறைந்துவிட்டுப் போனாள்.

"வாய் எவ்ளோ நீளுது பாருங்க மாமா" என்றாள் மச்சினி.

எனக்கும் எங்கிருந்தோ கோபம் வந்தது. ஜன்னலைத் திறந்து, தெருவே கேட்கக் கத்தினேன்: "இன்னொரு தடவ கதவ அப்படி அடி, கால ஒடிச்சிருவேன்!"

ஓடிக்கொண்டே பதில் சொன்னாள்.

"சாயங்காலம் ஒடி! இப்ப லேட்டாயிருச்சு!"