குடைத் தூண்டிலில் எத்தனை முள்

நைனா,

குடும்ப அட்டையைத் தேட அம்மா உன் தகரப் பெட்டியைத் திறக்கச் சொன்னாள். மூடியைத் தூக்கியதும் ரப்பர் வாடை முகத்தில் அடித்தது. அட்டைக்கு அடியில் உன் குடைத் தூண்டில் மடங்கிக் கிடந்தது.

நீ இருந்தவரை நான் அதைத் தொட்டதில்லை. "முள்ளு கையில ஏறிடும், கிட்ட வராத" என்பாய். இன்று எடுத்து மடியில் வைத்துப் பார்த்தேன். ஒன்பதாவதோடு நான் பள்ளியிலிருந்து நின்ற பிறகு மூலையில் கிடந்த என் கறுப்புக் குடையின் ஐந்து கம்பிகள். ஒவ்வொரு முனையிலும் விரல் நீளத்துக்கு ஒரு ரப்பர் மீன். நடுவில் இருக்கும் மீனின் வயிற்றில் மட்டும் முள் தொங்கியது. மற்ற நான்கும் வெறும் மீன்கள். நீ ஊரெல்லாம் சொன்னது அப்படியேதான் இருந்தது. அப்படியே மூடி வைத்திருப்பேன். ஆனால் விரலில் ஏதோ நெருடியது.

அந்த நான்கு மீன்களின் வயிற்றிலும் ஒவ்வொரு முடிச்சு. தறியில் அறுந்த இழைக்குப் போடுகிற அதே சின்ன முடிச்சு, தூண்டில் நரம்பில். முடிச்சுக்குக் கீழே நரம்பு நேராக வெட்டுப்பட்டிருந்தது.

எதையும் கட்டாத இடத்தில் எதற்கு முடிச்சு?

வேறு யாராவது என்றால் முடிச்சையும் பிடுங்கி எறிந்திருப்பார்கள். உனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. தறிக்கொட்டகையில் நான் தார்க்குச்சியில் நூல் சுற்றும்போது சிக்கலைப் பிரிக்க உட்கார்ந்தால் கத்துவாய். "அவுக்கற நேரத்துல அரை முழம் ஓடிடும், அறுத்துட்டு போயினே இரு!" இங்கேயும் முடிச்சை அவிழ்க்கவில்லை. முள்ளை மட்டும் அறுத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

எப்போது அறுத்தாய் என்று யோசித்தபோதுதான் மீன்பிடிப் போட்டி நடந்த அந்தக் காலை நினைவுக்கு வந்தது.

ஏரிக்கரையில் கொடி கட்டி, மைக் வைத்திருந்தார்கள். அக்கா வீட்டுக்காரர், நம் பாவா, தூண்டில்களைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தார். விடிந்ததும் போட்டி நடத்திய சங்கத்துத் தலைவர் மைக்கில் புது விதி சொன்னார். ஒரு நரம்புக்கு ஒரு முள்தான். அதற்கு முந்தைய வருடப் போட்டியில் நீ விரால் பிடித்துக் குக்கர் பரிசு வாங்கிய பிறகு எழுந்த முணுமுணுப்பில் வந்த விதி அது. கரையில் பாதிப் பேர் கை தட்டினார்கள். மீதிப் பேர், "வலை போடறவன உட்டுட்டு எங்கள புட்ச்சிக்கினீங்களே" என்று ஏசினார்கள்.

நீ என் பக்கம் திரும்பினாய். "மூஞ்சி கழுவிகினு வரேன், உன் பிளேடக் குடு" என்றாய். நூல் வெட்ட நான் எப்போதும் வைத்திருக்கும் பிளேடு. எதற்கு என்று நான் கேட்கவில்லை. நான்தான் எதையும் கேட்கமாட்டேனே. மதகுக்குப் பின்னால் போய்த் திரும்பி வந்தாய். முகம் நனைந்திருந்ததா என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். நனைந்ததாகத் தெரியவில்லை.

பாவா உன் தூண்டிலை வாங்கி விரித்துப் பார்த்தார்.

"இன்னா மாமா இது, தூண்டிலா, சாமி புறப்பாட்டுக் குடையா?"

"முள்ளு ஒண்ணுதான் மாப்ள. மத்த நாலும் சாமிகூட சும்மா நடந்து வர்ற ஜனம்."

எல்லோரும் சிரித்தார்கள். பாவா சிரிக்கவில்லை. கம்பிகளைத் தடவிக்கொண்டே கேட்டார். "முந்தாநாள் ஒரே இழுப்புல ரெண்டு விரால் வந்துச்சாமே? ஒரு முள்ளுல ரெண்டு எப்டி மாட்டும்?"

"எவன் சொன்னான்? எம் பொண்ணு கூடவே இருந்தா, அவளக் கேளு. பாப்பா, எப்பவும் ஒரு முள்ளுதான?"

கரையே என் பக்கம் திரும்பியது. கடைக்காரர் மீதிச் சில்லறை கேட்டாலே வியர்த்துப்போகிறவள் நான். முந்தாநாள் நான் பார்த்தது பையில் கிடந்த இரண்டு விராலை மட்டும்தான். அவை மாட்டியதைப் பார்க்கவில்லை. ஆனாலும் "ஆங்" என்றேன்.

"சின்னப் பொண்ணு பொய் சொல்லுமா? மாமனார் மேல இன்னாய்யா காண்டு உனக்கு?" என்று யாரோ பாவாவைக் கிண்டல் செய்தார்கள். விசில் பறந்தது. பாவா தூண்டிலை உன் கையில் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில் தலைவர், முள் எத்தனை இருந்தாலும் குடையே கூடாது என்று சொல்லிவிட்டார். நீ போட்டியிலேயே கலந்துகொள்ளாமல் வீட்டுக்கு வந்து, "மாப்ளதான் போட்டுக் குடுத்துட்டான்" என்றாய். அன்றிலிருந்து பாவா நம் வாசல் ஏறக் கூடாது. அக்கா ஆடிக் கிருத்திகைக்குக்கூட நம் வீட்டுக்கு வரவில்லை. மலைப்படியில் காவடிக் கூட்டத்தில் அவளைத் தூரத்தில் பார்த்தும் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நானும் திருப்பிக்கொண்டேன். அடுத்த மாதமே உன் நெஞ்சு நின்றுபோனது. பாடை தூக்க முதலில் தோள் கொடுத்தவர் பாவாதான்.

நைனா, அதுவரை ஐந்து முள் வைத்தது குற்றமே இல்லை. அந்தக் காலைக்கு முன்னால் விதியே கிடையாது. "இப்பத்தான் அறுத்தேன்" என்று நீ சொல்லியிருந்தாலும் யாரும் உன்னை ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. பின் ஏன் "எப்பவும்" என்று கேட்டாய்? அந்தக் குக்கரும் ஐந்து முள்ளில் வந்ததுதான் என்று பேசிவிடுவார்கள் என்றா? ஏரிக்கு என்னை மட்டும் கூட்டிப்போனது ஆசையிலா, நான் வாய் திறக்கமாட்டேன் என்பதாலா? இன்று முழுக்க இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். குக்கரில் சோறு வைக்கும்போதும் கேட்டேன்.

சாயங்காலம் அக்காவும் பாவாவும் வந்தார்கள். நீ போன பிறகு வாராவாரம் வருகிறார்கள். அம்மா உள்ளே இருக்கும்போது தூண்டிலை எடுத்துப் போய்ப் பாவாவின் முன்னால் வைத்தேன். முடிச்சுகளைத் தொட்டுக் காட்டினேன். "நான் பொய் சொல்லிட்டேன் பாவா" என்றேன். அவரிடம் நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

அவர் தூண்டிலைக் கையில்கூட எடுக்கவில்லை.

"அன்னிக்கே தடவிப் பாத்தேனே பாப்பா. நானும் தறிக்காரன்தான், முடிச்சு தெரியாதா?"

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ ஆங்னுட்ட. அப்பறம் நான் முடிச்சக் காட்டுனா, அத்தினி பேர் எதிர்ல நீதான பொய்க்காரி ஆவ? எனக்கு நாலு விசிலோட போச்சி. உடு."

காலில் விழுந்து கும்பிட்டிருக்க வேண்டும். நானோ, இப்படிச் சொல்லி நல்லவராகப் பார்க்கிறாரோ என்று அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தச் சந்தேகப் புத்தி முன்பு எனக்கு இல்லை, நைனா. உன்னிடமிருந்து வந்து என்னிடம் தங்கிவிட்டது. உன்மேல் ஆசை ஒரு இழையும் குறையவில்லை, அதுவும் கூடவே இருக்கிறது.

போகும்போது அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "நைனா கோவக்காரர்தான். ஆனா ஒரு பொய் சொல்லமாட்டாரு இல்ல?"

பாவா என்னைப் பார்க்காமல் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அக்கா என் பதிலுக்காக நின்றாள். இந்தத் தடவை நான் ஆங் சொல்லவில்லை.