இடப்பக்கம் திரும்பினால் சுடாத கப்பல்

அன்பு மகன் கிளாட்சனுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், என் சர்க்கரை இந்த மாதம் கட்டுக்குள் இருக்கிறது, ஹாலிஃபாக்ஸ் பனியில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் செபமாலை முடிவில் கேட்டுக்கொள்கிறோம். முதலில் உறுதியான செய்தியைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிறுதோறும் நீயும் அம்மாவும் நெட்டில் சேர்ந்து ஆடுகிற விளையாட்டில் கப்பல் இடப்பக்கம் திரும்பும்போது பீரங்கி வெடிக்காமல் போவதற்கு அம்மா காரணமில்லை, லேப்டாப்பில் செருகியிருக்கிற நம் வீட்டு ரப்பர் கீபோர்டுதான் காரணம். எதிர்வீட்டு இராஜாங்கத்தின் மகள் பூவிழி புதன்கிழமை சாயங்காலம் நம் கூடத்து மேஜையிலேயே வைத்து இதைச் சோதித்துக் காட்டினாள், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், பிறகு நானும் அம்மாவும் அழுத்தியும் பார்த்தோம். மூன்று பேர் கைக்கும் ஒரே முடிவுதான்.

நீ போன வாரம் எனக்குத் தனியாக எழுதியிருந்தாய், அம்மாவுக்கு வயசாகுதுப்பா, இடது பக்கம் எதிரி வந்தாலே கை நின்னுபோகுது, மார்ச் போட்டிக்கு ரூம்மேட்டைச் சேர்த்துக்கிறேன், மனசு நோகாம நீங்களே சொல்லிடுங்க என்று. நான் சொல்லவில்லை. விசாரிக்காத ஒன்றைக் கொண்டுபோய்ச் சொல்வதற்கு, இத்தனை வருஷம் நிருபர் வேலை பார்த்த எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நான் சொல்வதற்கு முன்பே அம்மா அந்த முடிவுக்கு வந்துவிட்டிருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை நெட் இல்லை என்று உன்னிடம் சொன்னாள் அல்லவா, நெட் இருந்தது, அந்த நேரத்தில் நான் போனில் நெல் கொள்முதல் நிலையச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். பையன் நல்லா ஆடுறான், நான்தான் கப்பலைக் கவுக்கிறேன், கணக்கு டீச்சர்னு பேரு, ஒரு பட்டனை நேரத்துக்கு அமுக்கத் தெரியல, அவன் வேற ஆளைப் பாத்துக்கட்டும் என்றாள். சொல்லிவிட்டு லேப்டாப்பின் மேல் துணியைப் போட்டு மூடினாள். முந்தைய ஆட்டத்தில் பீரங்கி சுடாதபோது தூங்கிட்டியா அம்மா என்று நீ கேட்டதை அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ரிட்டயர் ஆன பிறகு வாரம் முழுக்க அவள் எதிர்பார்த்திருக்கிற நேரம் அது ஒன்றுதான் என்பது உனக்குத் தெரியாமல் இருக்காது.

விளையாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாததால் அம்மாவை உட்காரவைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டேன், தப்பிருந்தால் திருத்து. கப்பலை ஓட்டுவதும் பீரங்கி சுடுவதும் அவள் வேலை, பாய்மரமும் ஓட்டை அடைப்பதும் உன் வேலை. முன்னே போக மேல் அம்புக்குறி, திரும்ப இடது அல்லது வலது அம்புக்குறி, இவை வலது கையில். சுடுவதற்கு ஸ்பேஸ் பார், அது இடது கைக் கட்டைவிரலில். கோணம் பார்த்துச் சுடுவதில் அவள் கெட்டிக்காரி என்று நீயே சொல்லியிருக்கிறாய். அப்படியானால் வலப்பக்கம் வருகிற கப்பலை அடிக்கிறவள் இடப்பக்கம் வருகிறதை மட்டும் ஏன் விடுகிறாள் என்பதுதான் எனக்கு இடித்தது. வயசானால் இரண்டு பக்கமும்தானே தடுமாற வேண்டும். பூவிழி பொறியியல் படிக்கிறவள், லீவுக்கு வந்திருக்கிறாள், அவளைக் கூப்பிட்டேன். அழுத்துகிற கீ எல்லாம் திரையில் எரிகிற மாதிரி ஒரு பக்கத்தைத் திறந்தாள். மேல், வலது, ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மூன்றும் எரிந்தன. மேல், இடது, ஸ்பேஸ் அழுத்தினால் இரண்டுதான் எரிந்தன, ஸ்பேஸ் எரியவே இல்லை. டீச்சர் மேல தப்பே இல்ல சார், கீபோர்டு காதுல வாங்கமாட்டேங்குது என்றாள். உள்ளே கீகள் ஒரே கம்பித்தடத்தைப் பங்குபோட்டுக்கொள்கின்றன, சில மூன்றைச் சேர்த்து அழுத்தினால் மூன்றாவதை அதனால் அடையாளம் காண முடியாது என்று விளக்கினாள். மகளைத் தேடி வந்த இராஜாங்கம் இதைக் கேட்டுவிட்டு, அப்ப நம்ம வாய்க்கால் கதைதான், மூணு பேரும் ஒரே நேரத்துல மடை திறந்தா கடைமடைக்கு எப்படிங்க தண்ணி வரும் என்றார். அது அப்படி இல்லப்பா என்று ஆரம்பித்த பூவிழி கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி, அப்படியே வச்சுக்குங்க என்று விட்டுவிட்டாள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை அமுக்கும்மா, இன்னொரு தடவை என்று பூவிழியைப் பலமுறை அழுத்தச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் அந்த எரியாத கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுடுகிற கீயை வேறு எழுத்துக்கு மாற்றினால் செலவில்லாமல் தீர்ந்துவிடும் என்று பூவிழி சொன்னாள், அதையும் செய்து பார்த்தோம். கப்பல் இடப்பக்கம் சுட்டது. ஆனால் எழுத்துக்கு ஆள்காட்டி விரல் வேண்டும், அங்கேதான் அம்மா உன்னிடம் சொல்லாத இன்னொரு விஷயம் இருக்கிறது. சிக்குன்குன்யா வந்துபோனதிலிருந்து இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கணுவில் வலிக்கின்றன, காலையில் இட்லித் தட்டைப் பிடிக்கவே சிரமப்படுகிறாள். ரப்பர் கீபோர்டில் ஒவ்வொரு கீக்கும் அடியில் ஒரு சின்ன ரப்பர் குமிழ் இருக்கிறது, அது அடிவரை அமுங்கினால்தான் எழுத்து விழும். சும்மா தட்டச்சுக்கு அது ஒன்றும் தெரியாது, விடாமல் சுடுகிறவளுக்குத் தெரியும், கொஞ்ச நேரத்தில் கட்டைவிரலும் நோகிறதாம். மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு கீக்கும் தனித்தனியாக ஸ்பிரிங்கும் ஸ்விட்சும் உண்டு, பாதி அமுங்கியதுமே வேலை முடிந்துவிடுகிறது என்றாள் பூவிழி. கேட்டதை அப்படியே நம்பாமல் வியாழக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர் போனேன்.

கடைக்காரர் பெயர் அப்துல் வஹாப், கம்ப்யூட்டர் சாமான்கள் வைத்திருக்கிறார், நிதானமான ஆள். பேரனுக்கா சார் என்றார். அம்மாவைக் காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, உட்காருங்கம்மா, என்ன கேம் ஆடுறீங்க என்று கேட்டுவிட்டு மூன்று கீபோர்டுகளை எடுத்து வைத்தார். முதலாவது ரப்பர்தான், ஆனால் விளையாட்டுக்கென்றே செய்தது, மேல் இடது ஸ்பேஸ் மூன்றும் அதில் எரிந்தன. ஆகவே எல்லா ரப்பர் கீபோர்டுக்கும் இந்தக் குறை உண்டு என்று எழுதமாட்டேன், நம் வீட்டில் இருப்பது அப்படி. ஆனால் அதையும் அடிவரை அமுக்க வேண்டியிருந்தது, அம்மா கொஞ்ச நேரத்தில் விரலை உதறினாள். இரண்டாவது, போட்டிப் பேச்சு வந்த புதிதில் அம்மாவுக்கு அனுப்புவதாக நீ சொன்னாயே, அதே ப்ளூ ஸ்விட்ச் வைத்த மெக்கானிக்கல். விரலுக்கு இதமாகத்தான் இருந்தது, ஆனால் ஒவ்வொரு கீக்கும் டக்கு டக்கென்று கடை முழுக்கக் கேட்டது. அம்மா உடனே கையை எடுத்துவிட்டாள். இது இவ்வளவு சத்தம் போட்டா எம்பிள்ளை பேசுறது எப்படிங்க கேக்கும் என்றாள். ஹெட்போன் மாட்டிக்குங்கம்மா, எல்லாரும் அப்படித்தான் ஆடுறாங்க என்றார் அவர். மாட்டினா எனக்கு மட்டும்தானே கேக்கும், அவன் குரல் வீட்டுல கேக்கணும், இவரு பேப்பர் படிக்கிற மாதிரி கூடத்துல உக்காந்திருப்பாரு, நான் ஆடி முடிக்கிறவரைக்கும் ஒரு பக்கம் திருப்பமாட்டாரு என்றாள். வஹாப் என்னைப் பார்த்துச் சிரித்தார். மறுத்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை.

கிளாட்சன், போட்டியில் ஜெயிக்க எந்தக் கீபோர்டு நல்லது என்று நீ அப்போதே கேட்டிருந்தாய், அதைத்தான் நானும் விசாரிக்கப் போனேன். உன் அம்மா கேட்டது வேறு, நீ பேசுவது எந்தக் கீபோர்டில் கேட்கும் என்று. இரண்டுக்கும் ஒரே பதில் கிடைத்ததுதான் நல்லகாலம். மூன்றாவதாக வைத்தது ரெட் ஸ்விட்சில் சத்தம் குறைத்த வகை, அதுவும் மெக்கானிக்கல்தான், லேசாக அமுங்குகிறது, ரப்பரைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாகச் சத்தம் கேட்கிறது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு மேல், இடது, ஸ்பேஸ் என்று அழுத்திப் பார்த்து, இது போதும் என்றாள். அது காட்டுவதற்கு வைத்திருப்பது, புதிதைத் திருச்சியிலிருந்து வரவழைத்துத் தருவதாக வஹாப் சொன்னார், முன்பணம் கட்டிவிட்டு வந்தோம். ஆகவே நீ ப்ளூவை அனுப்பவேண்டாம். இதை வாங்கினால் ஜெயிப்பாள் என்று நான் எழுதவில்லை, அதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை, வஹாபும் தரவில்லை. இடப்பக்கம் சுடும், விரல் குறைவாக வலிக்கும், நீ பேசுவது கேட்கும், இந்த மூன்றுதான் உறுதி. ஒரு குறையும் இருக்கிறது, இந்தக் கீகள் உயரமாக நிற்பதால் இடையில் தூசி இறங்குமாம். இராஜாங்கம் இந்த வாரம்தான் சம்பா அறுத்தார், மெஷின் வைத்து அறுத்து நம் வாசலுக்கு எதிரே ரோட்டில் நெல் காய்கிறது, ஜன்னலைத் திறந்தால் சுணைத்தூசி உள்ளே வந்து உடம்பெல்லாம் அரிக்கிறது, பழைய கீபோர்டைத் தட்டினாலே மஞ்சளாகக் கொட்டுகிறது. கீகளைத் தனித்தனியாகப் பிடுங்கித் துடைக்கலாம் என்று வஹாப் காட்டினார், அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அம்மா இப்போதே ஒரு பழைய தலையணை உறையை வெட்டி மூடி தைத்துவிட்டாள்.

விரலுக்கு மூட்டு டாக்டரைப் பார்க்கச் சொல்லி அவளைச் சம்மதிக்க வைத்திருக்கிறேன், அறுப்புக் கூட்டம் குறைந்ததும் போகலாம் என்கிறாள், அறுப்புக்கும் இவள் விரலுக்கும் என்ன சம்பந்தமோ. நீ கேட்டுச் சொன்னால் சீக்கிரம் போவாள். உனக்கு நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். சமீபமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கூடத்தில் கேட்கிற உன் குரல் லெஃப்ட், ரைட், ஃபயர் என்பதோடு நின்றுவிடுகிறது. முன்பெல்லாம் பாய்மரம் கட்டிக்கொண்டே என்ன சமைத்தாய், பஸ்ஸில் யாரைப் பார்த்தாய், எவ்வளவு பனி விழுந்தது என்று சொல்வாய். போட்டி வருகிறது என்பது எனக்குப் புரிகிறது. இடையில் இரண்டு வார்த்தை அதையும் பேசு, கப்பல் அதனால் மூழ்காது.

இந்தக் கடிதத்தை அதே ரப்பர் கீபோர்டில்தான் அடிக்கிறேன். தமிழ் எழுத மூன்று கீயைச் சேர்த்து அழுத்தவேண்டியதில்லை என்பதால் எனக்கு அது ஒரு குறையும் வைக்கவில்லை, புதிது வந்ததும் இதை நானே வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டேன். நீ எனக்குத் தனியாக எழுதியதை அம்மாவிடம் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன், ஆனால் சோதனை முடிவு அவளுக்குத் தெரியும். அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது, அப்ப நான் தூங்கல என்று ஒரே ஒரு தடவை சொன்னாள்.

பூண்டி மாதா உனக்குத் துணை இருக்கட்டும், எடுத்த காரியம் எல்லாம் நல்லபடியாக முடியட்டும், உன் நெற்றியில் சிலுவை போடச் சொன்னாள் அம்மா, போட்டதாக வைத்துக்கொள். பனியில் அந்தத் தேய்ந்த ஷூவோடு நடக்காதே, புதிது வாங்கு. இனி நிலுவையில் உள்ளவை. கீபோர்டு வருகிற செவ்வாய்க்கிழமை கைக்கு வரும் என்று அப்துல் வஹாப் சொல்லியிருக்கிறார். போட்டிக்கு இரண்டு பெயரும் அடுத்த வாரம் சனிக்கிழமைக்குள் பதிய வேண்டும் என்று நீ எழுதியிருந்தாய், அதில் இரண்டாவது பெயர் எது என்பது இன்னும் எனக்கு உறுதியாகவில்லை, அதை நீதான் சொல்லவேண்டும், என்னிடம் இல்லை, அவளிடம். இந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வழக்கமான நேரத்துக்கு லேப்டாப் திறந்திருக்கும், நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
ரெமிஜியஸ்