மாதிரி நோட்டீஸ்

நம் மகளின் அப்பாவுக்கு,

வக்கீலாக இருந்தீர்கள். மணமேல்குடியில் கருவாட்டு வியாபாரம் பார்த்தீர்கள். கதைப் புத்தகம்கூடப் போட்டீர்கள். எதிலும் நிலைக்காத மனிதர் என்று நினைத்திருந்தேன். இப்போது வக்கீல் நோட்டீஸ் எழுதித் தரும் ஆப் நடத்துகிறீர்களாம். இட்டுக்கட்டி எழுதவும், அதை விற்கவும், அதற்குச் சட்டம் பேசவும் உங்களுக்குத்தான் தெரியுமே.

நேற்று நம் மகளுக்கு உங்கள் ஆப்பில் எழுதிய நோட்டீஸ் ஒன்று வந்தது. மாப்பிள்ளை விவாகரத்து கேட்கிறார். அவளே சத்தமாகப் படித்தாள்: "மேற்படி மனைவி மாமியாரை மதிப்பதில்லை. கணவர் அருகில் வந்தால்..." அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

"பிணம்போல் கிடக்கிறார்" என்று நான் முடித்தேன்.

"ஒனக்கு எப்படிம்மா தெரியும்?"

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் நீங்கள் எனக்கு அனுப்பிய நோட்டீஸைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பெயர்கள் மட்டும்தான் வேறு.

"அப்பா ஆப்புல பதில் நோட்டீஸுக்கும் மாதிரி இருக்குமாம்மா?" என்று கேட்டாள்.

இருக்காது என்றேன். அன்று நான்தான் பதிலே போடவில்லையே.

இதோ, இப்போது போட்டுவிட்டேன். இதையும் ஆப்பில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

அவளுடைய அம்மா