கோச் படிக்காத மூன்றாம் பக்கம்

நவம்பர் 23, ஞாயிறு

காலை எட்டரைக்குக் கோச் ஹாஸ்கின்ஸுக்குப் போன் செய்து, வாராந்திரப் பட்டியலுக்கு நேரமாகிறது என்றேன். நாட்டில் அறுபத்துச் சொச்சம் தலைமைக் கோச்சுகள் ஞாயிறுதோறும் சிறந்த இருபத்தைந்து கல்லூரி அமெரிக்கக் கால்பந்து அணிகளை வரிசைப்படுத்தி வாக்குப் போட்டு அனுப்ப வேண்டும். கோச்சே போட வேண்டும் என்பது விதி.

"நீயே போட்டுடும்மா டெலோரிஸ். உனக்குத் தெரியாததா" என்றார். பதினோரு வருடமாக இதே பதில்தான்.

பல்கலைக்கழகச் செய்திப் பிரிவில் என் மேசைக்கு வரும் வேலைகளில் இதுவும் ஒன்று. அவருடைய நன்றியுரை, வாழ்த்து, இரங்கல் கடிதம் எல்லாம் என் கைதான். எதையும் முன்னால் படித்துப் பார்க்க மாட்டார். மேடையில் ஏறித்தான் முதல்முறை படிப்பார், அதுவும் கண்ணாடி போடாமல். அதனால் எழுத்தைப் பெரிதாக்கி, பக்கத்துக்குப் பத்து வரிதான் வைப்பேன்.

நம் ஹார்லன் அணியை எட்டாம் இடத்தில் போட்டேன். இதுவரை ஒரே ஒரு தோல்வி. உதவிக் கோச் டுவைட்டின் தடுப்பாட்டக்காரர்கள் நேற்றைய ஆட்டத்திலும் கடைசிக் கால்பகுதியில் ஒரு புள்ளிகூட விடவில்லை. என் கணவர் என்பதற்காகச் சொல்லவில்லை. சரி, அதற்காகவும்தான்.

நவம்பர் 24, திங்கள்

ஆண்டின் சிறந்த கோச் விருது ஹாஸ்கின்ஸுக்கு! அக்டோபரில் நாற்பது பக்கம் பரிந்துரை எழுதியது வீண் போகவில்லை. டிசம்பர் பதினாறு, கன்சாஸ் சிட்டியில் விருந்து. கேள்விப்பட்டதும் டுவைட்டுக்குத் தனக்கே கிடைத்த மாதிரி சந்தோஷம்.

நவம்பர் 27, வியாழன்

நன்றித் திருநாள். ஊருக்குப் போக முடியாத பதினேழு ஆட்டக்காரர்கள் நம் வீட்டில் சாப்பிட்டார்கள். இரண்டு வான்கோழி போதவில்லை. மிளகாய் பீன்ஸ் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் வைத்துச் சமாளித்தேன்.

பூசணிப் பலகாரம் சாப்பிட ஹாஸ்கின்ஸும் வந்தார். எல்லார் முன்னாலும் டுவைட்டின் தோளில் கை போட்டு, "நீ இல்லாம நான் எங்கயும் போக மாட்டேன்டா" என்றார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சின்னக் கல்லூரி டுவைட்டைத் தலைமைக் கோச்சாகக் கூப்பிட்டபோதும் இதையே சொல்லித்தான் நிறுத்தி வைத்தார். டுவைட் போகவில்லை. எனக்கு அது இன்றைக்கும் உறுத்துகிறது.

நவம்பர் 30, ஞாயிறு

நேற்று கடைசி ஆட்டமும் வெற்றி. மொத்தம் பதினோரு வெற்றி, ஒரு தோல்வி. பன்னிரண்டு அணிகள் கோப்பைக்கு மோதும் பிளே-ஆஃபில் நமக்கு ஏழாம் இடம், சொந்த மைதானத்தில் ஆட்டம் என்று எல்லாத் தொலைக்காட்சி ஜோசியர்களும் சொல்கிறார்கள். ஊரே கொடி கட்டிவிட்டது.

டிசம்பர் 1, திங்கள்

போய்விட்டான்.

பக்கத்து மேசை ஜோலீன்தான் கண்டுபிடித்தாள். இந்தப் பருவத்தில் எல்லா ஊர் ரசிகர்களும் போனில் சின்ன விமானங்களைப் பின்தொடர்வார்கள். எந்தக் கல்லூரி எந்தக் கோச்சைத் தூக்கப் போகிறது என்று தெரிந்துவிடும். "டெல், ஜார்ஜியாவுல டெல்ஃபோர்டுலேர்ந்து ஒரு விமானம் வந்துச்சு. நம்ம ஊர்ல இறங்கி இருபது நிமிஷத்துல திரும்பிப் போயிட்டிருக்கு" என்றாள். நான் சிரித்தேன். அரை மணி கழித்துத் தொண்ணூறு ஆட்டக்காரர்களின் போனிலும், டெல்ஃபோர்டு அணிக்குப் போகிறேன் என்று ஹாஸ்கின்ஸிடமிருந்து நாலு வரிச் செய்தி. பதினோரு வருடத்தில் அந்த மனிதன் சொந்தமாக எழுதியது அது ஒன்றுதான்.

ஆறு உதவிக் கோச்சுகளை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். டுவைட்டைக் கூப்பிடவில்லை. ஒரு போன் இல்லை.

டுவைட் வண்டிக் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தார். ஒன்பது வீடு மாறிய குடும்பம், காலி அட்டைப் பெட்டிகளைத் தட்டையாக மடித்து அங்கேதான் சாய்த்து வைத்திருக்கிறோம். அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "அவசரத்துல மறந்திருப்பான் டெல்" என்றார்.

மறந்திருப்பானாம். ஐயோ மனுஷா, பதினோரு வருஷம் உன் முதுகுல ஏறி நின்னவன், இறங்கும்போது உன்னைத் திரும்பிக்கூடப் பாக்கலையே!

இந்த நோட்டில் இன்றிலிருந்து அவனுக்கு மரியாதை கிடையாது.

டிசம்பர் 2, செவ்வாய்

விளையாட்டுத் துறை இயக்குநர் மர்ரே டில் டுவைட்டைத் தற்காலிகத் தலைமைக் கோச்சாக்கினார். வேறு ஆள் இல்லை, அதுதான் காரணம். "வெளியில பெரிய பேரா தேடறோம் டுவைட். அதுவரைக்கும் பாத்துக்கோ" என்றாராம்.

ஜோசியர்கள் இப்போது நம்மைப் பத்தாம் இடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். கோச் இல்லாத அணியை எதற்கு எடுக்க வேண்டும் என்று ஒருவன் கேட்கிறான்.

டிசம்பர் 7, ஞாயிறு

காலையில் கணினியைத் திறந்தால், பட்டியல் படிவம் வந்திருக்கிறது. கோச் ஹாஸ்கின்ஸ் பெயரில். என் மேசைக்கே. இப்படி ஒரு வாக்கு இருப்பதே அவன் நினைவில் இல்லை; இருந்தால்தானே யாரிடமாவது மாற்றிக் கொடுத்திருப்பான்?

கடைசி வாரப் பட்டியல் மட்டும்தான் கோச்சுகளின் பெயரோடு வெளியாகும். யார் யாருக்கு என்ன இடம் கொடுத்தார்கள் என்று ஊர் உலகம் படிக்கும். பிளே-ஆஃப் தேர்வுக் குழு இதைப் பார்க்காது. ஆனால் ரசிகர்கள் பார்ப்பார்கள்.

அவனுடைய புது அணி டெல்ஃபோர்டை எல்லாரும் பதினாலு, பதினைந்தில் வைத்திருக்கிறார்கள். நான் இருபத்தைந்தில் வைத்தேன். டெல்ஃபோர்டுக்குப் பரம விரோதி ரிவர்டன். அதை மூன்றில் வைத்தேன். அனுப்பிவிட்டுக் காபி குடித்தேன், ரொம்ப நாளைக்குப் பிறகு ருசியாக இருந்தது.

நடுப்பகலில் பிளே-ஆஃப் அறிவிப்பு. நமக்குப் பத்தாம் இடம். சொந்த மைதானம் போச்சு. வெளியூரில் ஆட வேண்டும். ஆட்டக்காரர்கள் கைதட்டவில்லை.

டிசம்பர் 8, திங்கள்

டெல்ஃபோர்டு ரசிகர்கள் கொதிக்கிறார்கள். "வந்த வாரமே காறித் துப்பிவிட்டான்" என்று ஒருவன் எழுதியதை நான்கு முறை படித்தேன்.

பதினோரு மணிக்கு ஹாஸ்கின்ஸிடமிருந்து போன். "டெலோரிஸ், என்ன பண்ணி வச்சிருக்க?"

"எப்பவும் பண்றதுதான் கோச். நீங்கதான நீயே போட்டுடுன்னீங்க."

பதினோரு வருடமாக வாக்கை வேறொருத்தி போட்டாள் என்று அவனால் எவனிடம் சொல்ல முடியும்? நான் போனில் சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன். பிறகு சொன்னான்: "சரி விடும்மா. ஏதோ குழப்பத்துல போட்டிருப்ப. எனக்குத் தெரியாதா உன்னை."

எனக்குக் கெட்ட எண்ணம் வரும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. அந்த அளவுக்குத்தான் என்னை மதித்திருக்கிறான்.

டிசம்பர் 9, செவ்வாய்

டெல்ஃபோர்டில் அவனுடைய முதல் பத்திரிகையாளர் சந்திப்பு. பட்டியலைப் பற்றிக் கேட்டார்கள். ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. "ஆமா, இருபத்தஞ்சுலதான் வச்சேன். இருக்கறத இருக்கறபடி சொல்ற ஆளு நான். அங்கேர்ந்து உங்கள முதல் இடத்துக்குக் கூட்டிட்டுப் போகத்தான வந்திருக்கேன்" என்றான். எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். நேர்மையானவனாம்.

தொலைக்காட்சியை அணைத்துவிட்டு மாவு பிசைந்தேன். முட்டைக்கோசும் கறியும் வைத்து முப்பது ரொட்டி சுட்டேன். வீட்டில் இருப்பது இரண்டு பேர்.

டிசம்பர் 11, வியாழன்

மறுபடி போன். விருது விருந்துக்கு நன்றியுரை வேண்டுமாம். "இங்க ஒரு பையன் எழுதிக் குடுத்தான், என் பேச்சு மாதிரியே இல்ல. என் குரல் உன்கிட்டதான் இருக்கு டெலோரிஸ். கடைசியா ஒரு தடவை."

மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன்.

"எழுதித் தரேன் கோச். எப்பவும் போல மேடையிலயே வச்சிடறேன்."

டிசம்பர் 14, ஞாயிறு

நான்கு பக்கம், டுவைட்டுக்குத் தெரியாமல். முதல் பக்கம் அவனுக்குப் பிடித்த பழைய நகைச்சுவை. இரண்டாம் பக்கம் அம்மா, அப்பா, கடவுள். அதன் கடைசி இரண்டு வரி: "இந்த மேடையில் ஓர் உண்மை சொல்ல வேண்டும். இந்த விருது என்னுடையது அல்ல. இது சேர வேண்டிய ஆள்..."

அங்கே பக்கம் முடிகிறது. திருப்பித்தான் ஆக வேண்டும்.

மூன்றாம் பக்கம் எழுத ஒரு மணி நேரம் ஆனது. எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் எனக்குத் திருப்தி.

டிசம்பர் 16, செவ்வாய்

கன்சாஸ் சிட்டி. அறுநூறு பேர். மர்ரே டில் முன்வரிசையில். டுவைட்டும் நானும் ஐந்தாவது மேசையில்.

முதல் பக்கத்துக்குச் சிரித்தார்கள். இரண்டாம் பக்கத்துக்குத் தலையாட்டினார்கள். "இது சேர வேண்டிய ஆள்" என்று குரலைத் தாழ்த்தி நிறுத்தினான், நடிகன். பக்கத்தைத் திருப்பினான்.

"டுவைட் பென்னர்."

பேர் வாயிலிருந்து விழுந்த பிறகுதான் என்ன படித்தோம் என்று அவனுக்குப் புரிந்தது. அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஆனால் அதற்குள் மண்டபம் எழுந்து நின்றுவிட்டது, கேமரா எங்கள் மேசைக்குத் திரும்பிவிட்டது. இனி எங்கே ஓடுவான்? படித்தான். கடைசிக் கால்பகுதிகளில் ஒரு கட்டளைகூடத் தன்னுடையது இல்லை என்று படித்தான். தலைமைக் கோச் வேலைக்குப் போக இருந்தவரை வாக்குக் கொடுத்து நிறுத்தி, அந்த வாக்கைக் காப்பாற்றவில்லை என்று படித்தான். தொண்ணூறு பிள்ளைகளிடம் போனில் விடைபெற்றது கோழைத்தனம் என்று படித்தான். "மர்ரே, நான் உங்கள் இடத்தில் இருந்தால் வேறு எங்கும் தேட மாட்டேன்" என்றும் படித்தான்.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. பாதி அவனுக்கு. எவ்வளவு பெரிய மனசு என்று பக்கத்து மேசை அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெளியே வரும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினான். விடவில்லை, எலும்பு வலித்தது. "மூணாம் பக்கம் கொஞ்சம் நீளம் டெலோரிஸ்" என்றான்.

"ஒரு தடவை படிச்சுப் பாத்திருக்கலாமே கோச்."

டிசம்பர் 17, புதன்

ஊர் திரும்பும் வழி. நூறாவது மைலில் டுவைட் வண்டியை ஓரம் கட்டினார். அழுதுகொண்டிருந்தார். "நான்தான் அவனத் தப்பா நெனச்சிட்டேன் டெல். அத்தன பேர் முன்னாடி யாரு இப்படிச் சொல்வா? மனுஷன்தான் அவன்."

நான்தான் எழுதினேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் சொன்னால் என்ன ஆகும்? அந்தச் சொற்கள் பெண்டாட்டி எழுதிக் கொடுத்தவை ஆகிவிடும். இரண்டு வாரமாகக் குனிந்திருந்த தலை இன்றுதான் நிமிர்ந்திருக்கிறது.

"ஆமா" என்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு கசப்பாக எதையும் விழுங்கியதில்லை.

டிசம்பர் 20, சனி

16–13. வெளியூரில், பனியில், பத்தாம் இடத்து அணி! கடைசிக் கால்பகுதியில் அவர்களுக்கு ஒரு புள்ளி இல்லை. ஜோசியர்கள் ஒருவனையும் காணோம்.

ஜனவரி 1, வியாழன்

காலிறுதியில் தோற்றோம். 31–10. ஆனாலும் ஆட்டக்காரர்கள் டுவைட்டைத் தோளில் தூக்கினார்கள்.

ஜனவரி 5, திங்கள்

டுவைட் பென்னர், ஹார்லனின் தலைமைக் கோச். இனி "தற்காலிகம்" இல்லை. "ஹாஸ்கின்ஸே சொன்னப்புறம் நான் யாரைத் தேடறது" என்றார் மர்ரே.

பத்திரிகையாளர்களிடம் டுவைட் முதலில் நன்றி சொன்னது ஹாஸ்கின்ஸுக்கு. இரண்டாவது கடவுளுக்கு. மூன்றாவதாக எனக்கு, நன்றாகச் சமைப்பதற்காக. நான் பின்வரிசையில் நின்று கைதட்டினேன்.

அட்டைப் பெட்டிகளைக் குப்பைக்குப் போட்டேன். இரண்டை மட்டும் வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

புதுப் பருவத்தின் முதல் பட்டியல் படிவம் வந்துவிட்டது. வாக்காளர் வரிசையில் கோச் டுவைட் பென்னர் பெயர். படிவத்தை அச்செடுத்து, பேனாவோடு காலை உணவு மேசையில் அவர் முன்னால் வைத்தேன்.

அவர் மடிக்கணினியில் பழைய ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. ஒரு விரலால் படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

"நீயே போட்டுடு டெல். உனக்குத் தெரியாததா."

"ஒரு தடவை படிச்சாவது பாரு."

"எதுக்கு? நீதானே போடப் போற."

முட்டை ஆறிக்கொண்டிருந்தது. நான் படிவத்தை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தேன். கடைசி வாரப் பட்டியல்தான் பெயரோடு வெளியாகும். அதற்கு டிசம்பர் வரை நேரம் இருக்கிறது.