தோல் பைக்குள் நீ வரைந்தவை

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர் காலையில் வந்துபோனார். "இந்தக் கம்ப்யூட்டருக்கு இனிமே பார்ட்ஸ் கெடைக்காதுக்கா. பேஜார் பண்ணிக்காதீங்க, படத்தையெல்லாம் புதுசுல ஏத்திக் குடுத்துடறேன். ஒண்ணும் போவாது" என்றார். பாவம், அவருக்கு என்ன தெரியும்!

அவர் போனதும் நீ கடைசியாக வரைந்த கைப்பையின் படத்தைத் திறந்தேன். சூடேறிய தூசியின் வாசனை எழுந்தது. நம் பழைய சாஃப்ட்வேர் படத்தைச் சட்டென்று காட்டாது. நீ எந்த வரிசையில் வரைந்தாயோ, அதே வரிசையில் கோடு கோடாகப் போட்டுக் காட்டும். பக்கத்து நாற்காலியில் நீ உட்கார்ந்து வரைவதுபோலவே இருந்தது.

ஆம்பூர் தோல் கம்பெனியின் டிசைன் அறையில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். வெளிநாட்டு கேட்லாக்குக்கு ஹேண்ட்பேக் படங்கள் வரைவது நம் வேலை. துப்பட்டாவெல்லாம் தோல் வாசனை. சலிப்பான மதியங்களில் நீ முதலில் மேனேஜரின் மீசை முகத்தை வரைவாய். அப்புறம் அதன்மேல் பையை வரைந்து, தோல் நிறத்தை நிரப்பி மூடிவிடுவாய். முடிந்த படத்தில் ஒன்றும் தெரியாது. ஆனால் ஃபைலைத் திறக்கும்போதெல்லாம் மீசை ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டுப் பைக்குள் போய்விடும். ஒருநாள் அவரே பின்னால் நின்று பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா அது, ஏதோ வந்துட்டுப் போச்சே?"

"பழைய மிஷின் சார், அப்டித்தான் ஏதாச்சும் காட்டும்" என்றாய். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே ஓடினேன்.

புது சாஃப்ட்வேர் வந்தது. நான் கற்றுக்கொண்டேன், நீ மாட்டேன் என்றாய். "அதுல படம் மொத்தமா வந்து நிக்குதுடி. போடறத பாக்கவே முடில. எனக்கு ஆவாது." வீட்டிலிருந்தே வரைந்து தருகிறேன் என்று சொல்லி, கம்பெனி கழித்துப்போட்ட அந்தக் கம்ப்யூட்டரையே கேட்டு வாங்கினாய். உன் வீட்டுக்குக் கொண்டுபோகையில், குடியாத்தம் பஸ்ஸில் மானிட்டர் என் மடியில் இருந்தது. "கொழந்தைக்கு டிக்கெட் வாணாமா?" என்றார் கண்டக்டர். "தூங்குது, எழுப்பாதீங்க" என்றாய். உண்மையில் தூங்கிப்போனவள் நான்தான்.

பிறகு உனக்கு உடம்பு முடியாமல் போனது. வேலூர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த நாட்களிலும் வரைந்தாய். நீ போன பின் கம்ப்யூட்டர் என்னிடம் வந்தது. அந்தக் கடைசிப் பையை முதல்முறை திறந்தபோது மீசையைத்தான் எதிர்பார்த்தேன். வந்தது நான். முதலில் மூக்கு, அப்புறம் திறந்த வாய், பஸ் ஜன்னலில் சாய்ந்த தலை, மானிட்டரை அணைத்திருக்கும் கைகள். பார்த்து முடிப்பதற்குள் பழுப்புத் தோல் வந்து மூடிவிட்டது. அன்று வாய்விட்டு அழுதேன்.

புதுக் கம்ப்யூட்டரிலும் தோலை நகர்த்தினால் அடியில் அந்தப் படம் இருக்கும்தான். ஆனால் நீ என்னை வரைவது இருக்காது.

சாயங்காலம் என் வேலைக்கு உட்கார்ந்தேன். புது சாஃப்ட்வேரில் ஒரு தோள் பை, அவசரமாம். வெறும் திரையில் முதலில் உன்னை வரைந்தேன், நெற்றியில் தொடங்கி நிதானமாக. கண்கள் சரியாக அமையும்வரை அழித்து அழித்துப் போட்டேன். பிறகு மேலே தோலை நிரப்பி அனுப்பிவிட்டேன். இனி நான் வரைகிற எந்தப் பையானாலும் உள்ளே முதலில் நீதான். இன்றைக்கு மூக்கு மட்டும் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே, அடுத்த பையில் சரிசெய்துவிடுகிறேன்.