மூன்றாம் தளத்துக்குப் பின்னால் ஒரு நல்ல பியர்

மே 18, ஞாயிறு

இந்த வாரம் நடப்பதை எல்லாம் உள்ளது உள்ளபடி எழுதப் போகிறேன். அழகாக இருக்கும் என்பதற்காக எதையும் சேர்க்க மாட்டேன். வெட்கமாக இருக்கிறது என்பதற்காக எதையும் விட மாட்டேன். பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாறுகளில் இப்படி ஒரு முக்கியமான வாரம் எப்போதும் வரும். எங்கள் வீட்டுக்கு அது செவ்வாய்க்கிழமை வருகிறது.

அன்று முதல் ஞாயிறு வரை கொக்குகள் பேஸ்பால் அணி சொந்த மைதானத்தில் தினமும் ஆடுகிறது. ஆட்டக்காரர்கள் ஓடித் தொடும் மூன்றாம் தளத்துக்குப் பின்னால் இருக்கும் கடையில், ஒரு குழாயில், அம்மா காய்ச்சிய பியர் வரும். மைதானத்தின் குடிபானங்களுக்கெல்லாம் பொறுப்பாளர் கர்ட் ஓல்சன். போன வருடம் வேலைக்கு வந்தவர். அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஒரு வாரம் பாப்போம் ரெனாட்டா. ஜனங்க குடிச்சா சீசன் பூரா உனக்கு. குடிக்கலைன்னா, மனசுல வெச்சுக்காத."

குடிக்கவில்லை என்றால் அம்மா பியர் காய்ச்சும் தொட்டிகளை விற்றுவிட்டு சீஸ் தொழிற்சாலை வேலைக்கே திரும்ப வேண்டும். அவள் இதை என்னிடம் சொல்லவில்லை. தொலைபேசியில் யாரிடமோ சொன்னாள். நான் மாடிப்படியில் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன்.

மே 20, செவ்வாய்

மைதானத்துக்குள் போகும் சுரங்கம் போன்ற நடையிலிருந்து வெளியே வரும்போது ஒவ்வொரு தடவையும் எனக்கு மூச்சு நின்றுவிடுகிறது. அத்தனை பச்சை! ஏரியிலிருந்து பனிமூட்டம் எழுந்து வலது மூலை வேலியைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தது. விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தபோது புல் தானாகவே வெளிச்சம் விடுவது போல இருந்தது. தேவாலயத்தில்கூட எனக்கு இப்படித் தோன்றியதில்லை. (உண்மையாக எழுதுவேன் என்றேனே.)

அம்மாவின் பியரை முதன்முதலாக வெளிச்சத்தில் பார்த்தேன். அம்மா பியர் காய்ச்சும் எங்கள் பட்டறையில் எல்லாமே சாம்பல் நிறம், பியர் உட்பட. இங்கே கடைக்கார லூபே அக்கா கோப்பையைச் சாய்த்துப் பிடித்து ஊற்றியதும் அது விளக்கை விழுங்கிக்கொண்டது. தேன் நிறம். அடியிலிருந்து குமிழிகள் வரிசை தவறாமல் ஏறிக்கொண்டே இருந்தன. ஆறு வாரம் குளிரில் தூங்கிய பியர். இதை என் அம்மா செய்தாள்! பக்கத்தில் நின்றவரிடம் சொல்லியே விட்டேன்.

முதல் கோப்பை வாங்கியவர் எங்கள் பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஸ்வோபோடா. எந்த ஆட்டத்தையும் தவறவிடாதவர். ஒரு ஆட்டத்துக்கு ஒரு பியர், அதற்கு மேல் கிடையாது.

"என்ன பாப்பா, உங்க அம்மா சரக்கா? பெரிய ஆளு ஆயிட்டீங்க!"

ஒரு வாய் குடித்தார். முகம் சுருங்கியது. என்னைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார்.

"பல் டாக்டர்கிட்ட போன மாதிரி இருக்கே."

கோப்பையைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு ஆட்டம் பார்க்கப் போய்விட்டார். அது அங்கேயே இருந்தது. நுரை இறங்கி அடங்கும் வரை நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 21, புதன்

இன்றும் பாதிக் கோப்பைகள் குப்பைத்தொட்டியில். எழுத மனமில்லை.

மே 22, வியாழன்

இன்று அம்மாவே மைதானத்துக்கு வந்தாள். லூபே அக்கா ஊற்றிக் கொடுத்தாள். அம்மா முகர்ந்தாள். இரண்டு வாய் குடித்தாள். அப்புறம் அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்ன அக்கா? என்ன ஆச்சு?" என்றாள் லூபே.

"மருந்து வாசனை. காட்டு ஈஸ்ட் புகுந்திருக்கு."

வரும் வழியில் வண்டியில் எனக்கு விளக்கினாள். நாம் போடும் ஈஸ்ட் வேறு. காற்றில் அலையும் ஈஸ்ட் வேறு. அந்தக் காட்டு ஈஸ்ட் தொட்டிக்குள் நுழைந்துவிட்டால் பியரில் கட்டுப்போடும் துணியின் வாசனை, தைல வாசனை வரும். முதலில் லேசாக, அப்புறம் நிறைய. திருப்ப முடியாது.

"நம்ம தொட்டில ருசி பாத்தப்ப வரலையேம்மா?"

"ஆரம்பத்துல தெரியாது. பீப்பாய்ல போனப்புறம் வளரும்." ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "எல்லாத்தையும் கொட்டணும் ஹெடி. தொட்டியக் கொதிக்கக் கொதிக்கக் கழுவணும். கர்ட்கிட்ட சொல்லிடறேன்."

"கொட்டிட்டா?"

சீஸ் தொழிற்சாலையின் புகைபோக்கி ஜன்னல் வழியாக வந்து போனது. நாங்கள் இருவருமே அதைப் பார்க்கவில்லை என்பது போல இருந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் தொட்டியிலிருந்து ஒரு கோப்பை பிடித்து முகர்ந்தாள். "இதுலயும் இருக்கு," என்றாள். நானும் முகர்ந்தேன். எனக்கு ரொட்டி வாசனைதான் வந்தது. ஆனால் அம்மாவுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகிறது?

மே 23, வெள்ளி

வரிசையாக எழுத முயல்கிறேன்.

பள்ளி விட்டதும் சைக்கிளில் மைதானத்துக்குப் போனேன். குழாயிலிருந்து அம்மாவின் பெயரட்டையைக் கழற்றிக்கொண்டு வரச் சொல்லியிருந்தாள். ஆட்டம் தொடங்க நேரம் இருந்தது. வீரர்கள் பயிற்சியில் இருந்தார்கள். மட்டையில் பந்து படும் ஓசை காலி நாற்காலிகளில் மோதித் திரும்பி வந்தது.

லூபே அக்கா குழாயை ஒரு தடவை திறந்து வாளியில் விட்டாள். எனக்குப் பதின்மூன்று வயது. நான் குடிக்கவில்லை, வாளியின் மேல் குனிந்து முகர்ந்தேன். மருந்துதான். தைலம்தான். ஆனால் அதோடு கொஞ்சம் இனிப்பு...

இந்த வாசனை எனக்குத் தெரியும்! எங்கிருந்து தெரியும்? கண்ணை மூடினேன். நாலாம் வகுப்பு. பள்ளியிலிருந்து எல்லோரையும் பகல் ஆட்டத்துக்கு அழைத்து வந்தார்கள். இதே கடை. இதே குழாய் வரிசை. காகிதக் கோப்பையில், ரூட் பியர் என்பார்களே, அந்த மருந்து வாசனைக் கறுப்பு வேர்ச் சோடா, மேலே ஐஸ்கிரீம். நாங்கள் அத்தனை பேரும் ஐஸ்கிரீம் மீசையோடு படம் எடுத்துக்கொண்டோமே!

"லூபே அக்கா, இந்தக் குழாய்ல முன்னாடி என்ன வந்துச்சு?"

"எனக்கென்னடி தெரியும்? நான் ஏப்ரல்லதான வந்தேன்."

அவ்வளவுதான். சைக்கிளை எப்படி மிதித்தேன் என்று எனக்கே தெரியாது. பட்டறைக்குள் நுழைந்தபோது அம்மா ரப்பர் பூட்ஸோடு தொட்டிக்கு அடியில் நின்றாள். தொட்டியின் வடிகுழாய் சாக்கடையில் கிடந்தது. தொட்டியைத் திறக்கும் திருகு அவள் கையில்.

"அம்மா, நிறுத்து! தொறக்காத! வேர்ச் சோடாம்மா! நாங்க நாலாம் கிளாஸ்ல அதே கடைல, அதே குழாய்லதான் குடிச்சோம்!"

அம்மாவின் முகத்தில் ஒரு மாற்றம் வந்தது. அதற்கு எந்தப் புத்தகத்திலும் நான் சொல் படித்ததில்லை.

"அதே குழாயா?"

"அதேதான்."

"வேர்ச் சோடா ஓடின குழாய்ல பியர் விடக் கூடாது," என்றாள் மெதுவாக, தனக்குத்தானே. "காய்ச்சக் கத்துக்கிட்ட முதல் மாசமே சொல்லிக் குடுத்தாங்க. என்ன போட்டுக் கழுவினாலும் போகாது. வாசனை பிளாஸ்டிக்குக்குள்ளயே குடியேறிடும். ஐயோ ஹெடி, நான் குழாயப் பத்திக் கேக்கவே இல்லையே. மருந்துன்னதும் என் தொட்டிதான்னு முடிவு பண்ணிட்டேன். அப்புறம் இங்க மோந்தப்பவும் அதே வாசனைதான் வந்த மாதிரி தோணிடுச்சு..."

தொட்டியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு சிரித்தாள். அழுதாளோ என்னவோ. முதுகு மட்டும்தான் தெரிந்தது.

மே 24, சனி

காலையில் கர்ட்டின் முன்னால் இரண்டு கோப்பைகள். ஒன்று அவருடைய பழைய குழாயிலிருந்து. இன்னொன்று அதே பீப்பாயில் அம்மா மாட்டிய கையளவு புதுக் குழாயிலிருந்து. இரண்டையும் முகர்ந்தார். இரண்டாவதை மறுபடி முகர்ந்தார். மூன்றாம் தடவை முகரவில்லை, முழுவதும் குடித்துவிட்டார்.

"மூணு தடவை கழுவினேன் ரெனாட்டா. சத்தியமா."

"முப்பது தடவை கழுவினாலும் அதான்."

"அந்தக் குழாய் சிமெண்ட் தரைக்கு அடியில போகுது. சீசன் நடுவுல தோண்டச் சொன்னா என் வேலை போயிடும்."

"தோண்ட வேணாம். பீப்பாயை ஐஸ்ல வெச்சுக் கடைமேலயே வைக்கிறேன். புதுக் குழாய்ல ஊத்தறேன். இன்னிக்கும் நாளைக்கும் மட்டும்."

கர்ட் காதைச் சொறிந்துகொண்டு தலையாட்டினார்.

ஆனால் யாரும் வரவில்லை. நான்கு நாள் போதுமாக இருந்திருக்கிறது, செய்தி பரவ. ஸ்வோபோடா பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டு எங்களைக் கடந்து போனார். "ஒரு தடவை பல்லப் புடுங்கினது போதும் தாயே," என்றார் அம்மாவிடம். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அது அவளுடைய சிரிப்பே இல்லை.

மே 25, ஞாயிறு

கடைசி நாள். மாலை ஆட்டம். பனிமூட்டம் இல்லை. வானம் முழுவதும் ஒரே ஆரஞ்சு.

இரண்டாவது இன்னிங்ஸ் முடிந்ததும் ஸ்வோபோடா தன் ஒரு பியருக்காக எழுந்து வந்தார். லூபே அக்கா ஒரு கோப்பையை ஊற்றி அவர் கையில் திணித்தாள்.

"எனக்கு வேணாம்மா!"

"குடிக்கச் சொன்னேனா? ஷூ லேஸ் அவுந்துடுச்சு. கட்டற வரைக்கும் புடிங்க."

லூபே அக்கா குனிந்தாள். குனிந்தே இருந்தாள். அவள் போட்டிருந்தது செருப்பு! எனக்கு வயிறு வலிக்கும் அளவுக்குச் சிரிப்பு. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

ஸ்வோபோடா கோப்பையை நீட்டிப் பிடித்திருந்தார், கைக்குழந்தையைப் பிடிக்கத் தெரியாதவர் போல. கை தானாகவே அருகே வந்தது. மூக்கு இறங்கியது. நின்றது. ஒரு வாய். இன்னொன்று. அவருக்குப் பின்னால், மைதானத்தில், பந்து மிக உயரமாகப் போனது. அத்தனை கூட்டமும் எழுந்தது. ஸ்வோபோடா மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. எந்த ஆட்டத்தையும் தவறவிடாத ஸ்வோபோடா!

"ரெனாட்டா," என்றார் கடைசியில். "இது எங்க இருந்துச்சு இவ்வளவு நாளா?"

அப்புறம் இருக்கைகளின் பக்கம் திரும்பினார். பேருந்தின் கடைசி இருக்கையில் சண்டை போடும் பையன்களை அடக்கும் குரல் அது: "ஏய், அந்த வரிசை எல்லாம் கீழ எறங்கி வாங்கடா! பல் டாக்டர் லீவு!"

வந்தார்கள். முதலில் இரண்டு பேர், சந்தேகத்தோடு. அப்புறம் படிக்கட்டு நிறைய. நான் ஐஸ் அள்ளிப் போட்டுக்கொண்டே பார்த்தேன். சிலர் குடிக்கும் முன் கோப்பையை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்கள். யாரும் சொல்லித் தரவில்லை, தாமாகவே. ஒரு பெண் கணவனிடம், "நம்ம ஊர்ல செஞ்சதா? நெசமாவா?" என்றாள். அம்மா ஊற்றினாள், ஊற்றினாள், நிமிரவே இல்லை. இந்தக் கைகள்தான் தினமும் எனக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவுகின்றன. எனக்கு இது நம்ப முடியாததாக இருந்தது.

ஒன்பது இன்னிங்ஸில் ஏழாவதோடு பியர் விற்பனை நிற்க வேண்டும் என்பது விதி. கர்ட் வந்து கடைமுன் நின்றபோது படிக்கட்டில் இன்னும் ஆட்கள். "அவ்வளவுதான், அவ்வளவுதான்," என்றார். எல்லோரும் அவரைப் பார்த்து ஊளையிட்டார்கள். எங்கள் பக்கம் திரும்பாமலே போய்விட்டார்.

ஆட்டத்தில் கொக்குகள் தோற்றார்கள். கூட்டம் கலைந்தது. அம்மா ஐஸ் தொட்டியைக் கவிழ்த்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். வண்டியில் ஏற்ற வேண்டியதை நான் அடுக்கினேன்.

அப்போது கர்ட் திரும்பி வந்தார். ஒரு கையில் துளைபோடும் இயந்திரம். இன்னொரு கையில் நீண்ட மின்கம்பி. மின்கம்பியைச் செருகினார். கடைப்பலகையைத் தட்டிப் பார்த்தார்.

"ஐஸ் பெட்டிய இங்க நிரந்தரமா வெக்கணும்னா," என்றார், "குழாய்க்கு ஓட்டை எந்தப் பக்கம் போடட்டும்? சீக்கிரம் சொல்லு ரெனாட்டா, என் பொண்டாட்டி சாப்பாட்டோட காத்திருக்கா."

அம்மா ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு ஒரு விரலைப் பலகையில் வைத்தாள். "இங்க."

இயந்திரம் உறுமியது. மரத்தூள் என் பூட்ஸில் கொட்டியது. பாதித் துளை போட்டிருப்பார். அதற்குள் மைதானத்து விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.