திருப்பி அனுப்பிய காய்கறிப் பெட்டி

மருமகளுக்கு,

நீ வேலைக்குப் போனதும் ஒரு பெண் மண் ஒட்டிய காய்கறிகளைப் பெட்டியில் கொண்டுவந்து, "தோட்டத்துல இருந்து வரேன் ஐயா, உங்க வீட்டுக்குத்தான்" என்றாள். யாரோ இரக்கப்பட்டு அனுப்பியதாக நினைத்துவிட்டேன். "இது கை நீட்டி வாங்குற வீடு இல்லம்மா, எடுத்துட்டுப் போ" என்று கதவைச் சாத்தினேன்.

பிறகுதான் ஃபிரிட்ஜ் மேலிருந்த உன் தோட்டக் காய்கறிச் சந்தா அட்டையைப் படித்தேன். எட்டு மாதம் காத்திருந்து கிடைத்த இடமாம். முதல் பெட்டியை வாங்காவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடுமாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காய் வாடியிருக்கிறது என்று தினமும் நான் முணுமுணுத்ததற்காகவா சேர்ந்தாய்?

தோட்டத்தை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். இப்போதே நாலேகால். பெட்டியைத் திரும்பக் கேட்டு வாங்கக் கிளம்புகிறேன். சாவி எதிர்வீட்டுத் தையல்காரரிடம். மாத்திரை போட்டுக்கொண்டேன்.

உன் மாமனார்

என் மகனிடம் இப்போதைக்குச் சொல்லாதே.

பெட்டியிலிருந்து விழுந்த முள்ளங்கி ஒன்று வாசலில் கிடந்தது. கழுவி மேசைமேல் வைத்திருக்கிறேன்.

அங்கே என்னை யாருக்கும் தெரியாது. இன்னார் மாமனார் என்று உன் பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். இதுவரை யார் பெயரைச் சொல்லியும் எங்கும் நின்றதில்லை. இன்று நிற்கப்போகிறேன். தோட்டத்துக்காரர்கள் உனக்கு ஃபோன் செய்து கேட்டால், ஆமாம் என்று சொல்.